‘கொஞ்சம் பிடியுங்கள்’ என்று காவலர் கேட்டால்

2023ஆம் ஆண்டு சனவரி 4ஆம் தேதி தில்லியின் மாயாபுரிப் பகுதியில், கைப்பேசியைப் பறித்ததாகப் புகார் கூறப்பட்ட ஒருவரைப் பிடித்துக் காவல் நிலையத்துக்கு அழைத்துக்கொண்டு வந்தார் ஓர் உதவி சார்பு ஆய்வாளர். வழியில் அந்த நபர் மறைத்து வைத்திருந்த கத்தியை உருவி அவரைச் சரமாரியாகக் குத்தினார். நான்கு நாள் கழித்து, மருத்துவமனையில், அந்தக் காவலர் உயிரிழந்தார். கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சி வெளியானதும், குத்தியவரைப் பற்றி எழுந்த பேச்சுக்குக் குறையாமல், அந்தத் தெருவில் பார்த்துக்கொண்டு நின்றவர்களைப் பற்றியும் பேச்சு எழுந்தது. இத்தனை பேர் இருந்தும் ஒருவர்கூடக் கை கொடுக்கவில்லையே என்று பலரும் கொதித்தார்கள்.

அந்தக் கொதிப்பு இயல்பானதுதான். ஆனால் அதற்குள் மூன்று தனித்தனிக் கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. உதவாமல் நின்றது குற்றமா என்பது ஒன்று. யாரும் கேட்காமலே ஒருவர் இடையில் புகுந்திருந்தால் சட்டம் அவருக்குத் துணை நின்றிருக்குமா என்பது இரண்டாவது. புகுவது அறிவுடைய செயலா என்பது மூன்றாவது. முதல் இரண்டுக்கும் இந்தியச் சட்டத்தில் ஓரளவு தெளிவான விடை இருக்கிறது. ‘போலீஸ் வேலை போலீசுக்கு, நமக்கு எதற்கு வம்பு’ என்று நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானத்தோடு அந்த விடை ஒத்துப்போவதில்லை.

2024 சூலை 1 முதல் நடப்பில் இருக்கும் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 31ஆம் பிரிவு, நடுவரோ (மாஜிஸ்திரேட்) காவல் அலுவலரோ நியாயமான முறையில் உதவி கோரும்போது, அதைச் செய்ய ஒவ்வொருவரும் கடமைப்பட்டவர் என்கிறது. அந்த அலுவலர் கைது செய்ய அதிகாரம் பெற்றிருக்கும் ஒருவரைப் பிடிப்பதற்கு, அல்லது அவர் தப்பாமல் தடுப்பதற்கு உதவுவது இந்தக் கடமையில் முதலாவது. பொது அமைதி குலைவதைத் தடுப்பதும் பொதுச் சொத்துக்குச் சேதம் நேராமல் தடுப்பதும் அடுத்து வருகின்றன. இது புதிதாக முளைத்த சட்டம் அன்று. 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 37ஆம் பிரிவாகவும், 1898ஆம் ஆண்டின் சட்டத்தில் 42ஆம் பிரிவாகவும் இதே கடமை இருந்தது. மாயாபுரியில் அன்று நின்றவர்களுக்கும் இது பொருந்தியதுதான்.

உதவ மறுத்தால் என்ன ஆகும் என்பதை, குற்றங்களுக்குத் தண்டனை வகுக்கும் இன்னொரு சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 222ஆம் பிரிவு கூறுகிறது. சட்டப்படி உதவ வேண்டிய ஒருவர் வேண்டுமென்றே உதவாமல் இருந்தால் ஒரு மாதம் வரை வெறுங்காவல் (கட்டாய உழைப்பில்லாத சிறை), அல்லது 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். குற்றவாளியைப் பிடிப்பது, கலகத்தை அடக்குவது போன்ற காரியங்களுக்காக உதவி கோரப்பட்டிருந்தால் தண்டனை ஆறு மாதம் வரையும் அபராதம் 5,000 ரூபாய் வரையும் உயரும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இந்த அபராதங்கள் முறையே 200 ரூபாயும் 500 ரூபாயுமாக இருந்தன. நூற்றைம்பது ஆண்டுக்கு மேல் மாறாமல் கிடந்த தொகையை உயர்த்தத் தோன்றியது என்றால், இந்தக் கடமையைச் சட்டம் இயற்றியவர்கள் மறந்துவிடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

இந்தக் கடமையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. 1285இல் முதலாம் எட்வர்டு அரசர் காலத்தில் இயற்றப்பட்ட வின்செஸ்டர் சட்டம், திருடனைக் கண்டவர் கூக்குரல் எழுப்ப வேண்டும் என்றும், அக்குரலைக் கேட்டவர்கள் எல்லாரும் துரத்திக்கொண்டு ஓட வேண்டும் என்றும் விதித்தது. சம்பளம் வாங்கும் காவல் படை என்ற ஒன்று அப்போது கிடையாது; ஊரே காவல் படையாக இருந்தது. 1829இல் இலண்டன் மாநகரக் காவல் துறை உருவான பிறகும் அந்தப் பழைய கடமை மறையவில்லை. 1841இல் அங்கே ஒரு வழக்கில், உதவ மறுத்தவரைக் குற்றவாளியாக்க மூன்று விஷயங்கள் வேண்டும் என்று நீதிமன்றம் வகுத்தது. அமைதி குலைவதைக் காவலர் நேரில் கண்டிருக்க வேண்டும். பிறரை உதவிக்கு அழைப்பதற்கு நியாயமான தேவை இருந்திருக்க வேண்டும். அழைக்கப்பட்டவருக்கு உடலால் இயலாமையோ, சட்டம் ஏற்கும் வேறு காரணமோ இருந்திருக்கக் கூடாது. ‘நான் ஒருவன் போய் என்ன ஆகியிருக்கப் போகிறது’ என்ற வாதத்தை அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. அந்த உதவி போதுமானதாக இருந்திருக்குமா என்பது கேள்வியே அன்று எனத் தள்ளிவிட்டது.

இப்போது 31ஆம் பிரிவில் உள்ள இரண்டு சொற்களைக் கவனித்துப் பார்ப்போம். ஒன்று, ‘கோரும்போது’. இன்னொன்று, ‘நியாயமான முறையில்’.

கோரிக்கை இல்லையென்றால் இந்தக் கடமை பிறப்பதே இல்லை. காவலர் ஒருவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார், நீங்கள் தேநீர்க் கடை வாசலில் நின்று பார்க்கிறீர்கள், அவர் யாரையும் அழைக்கவில்லை என்றால், நீங்கள் அசையாமல் நின்றதற்காக 222ஆம் பிரிவின்படி உங்களைத் தண்டிக்க இயலாது. உங்கள் மனச்சாட்சி தண்டிக்கலாம், அது வேறு. மாயாபுரியிலும் சட்டத்தின் கேள்வி இங்கேதான் வந்து நிற்கும்: குத்துப்பட்ட அந்த மனிதர் யாரையாவது உதவிக்கு அழைத்தாரா? கழுத்திலும் மார்பிலும் கத்தி பாயும் நேரத்தில் ஒருவர் முறைப்படி உதவி கோர வேண்டும் என்று எதிர்பார்ப்பது கொடுமையாகத் தோன்றலாம். ஆயினும் தண்டனைக்குரிய கடமை ஒன்று எந்த நொடியில் தொடங்குகிறது என்பது தெளிவாக இருக்க வேண்டும் என்பதால், சட்டம் அந்த அழைப்பையே எல்லைக் கோடாக வைத்திருக்கிறது.

‘நியாயமான முறையில்’ என்பது நெகிழ்வான சொல். யார் யாருக்கு விலக்கு என்று பட்டியல் எதையும் இந்தப் பிரிவு தரவில்லை. எனவே கையில் குழந்தையோடு நிற்கும் பெண்ணையோ, ஊன்றுகோலோடு நடக்கும் முதியவரையோ கத்தி வைத்திருப்பவர் மீது பாயச் சொல்வது நியாயமான கோரிக்கை ஆகாது என்று வாதாட இடம் இருக்கிறது. ஆனால் அதே முதியவரிடம், ‘ஐயா, கதவைச் சாத்துங்கள்’, ‘நிலையத்துக்கு ஒரு போன் போடுங்கள்’ என்று கேட்டால் அதை மறுப்பது கடினம். உதவி என்றதும் நமக்குக் கைகலப்புத்தான் நினைவுக்கு வருகிறது. பிரிவின் சொற்களில் அப்படி எந்தக் குறுக்கமும் இல்லை.

அழைக்கப்படாதவருக்கு வருவோம். இங்கே கடமை இல்லை, ஆனால் உரிமை இருக்கிறது. தன் உடலை மட்டுமல்லாமல் பிறர் உடலையும் தாக்குதலிலிருந்து காக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் 35ஆம் பிரிவு சொல்கிறது. நாம் தற்காப்புரிமை என்று வழங்கும் அது, பெயரைவிட அகலமானது. குத்துப்படுபவர் காவலராக இருந்தாலும் கடைக்காரராக இருந்தாலும், அருகில் நிற்பவர் யாருடைய அனுமதியும் இன்றித் தடுக்கலாம். தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்பது முக்கிய நிபந்தனை. மேலும், தன் கண்முன்னே ஜாமீனில் விட முடியாத, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் ஒன்றைச் செய்பவரைத் தனிமனிதர் ஒருவரே பிடிக்கலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு கூறுகிறது. அப்படிப் பிடித்தவரைத் தாமதமின்றி, ஆறு மணி நேரத்துக்குள், காவலரிடம் ஒப்படைத்தாக வேண்டும். பணியில் இருக்கும் அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யவிடாமல் தடுப்பதற்காகத் தாக்குவது அப்படிப்பட்ட குற்றம்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கைதான ஒருவர் யாரையும் அடிக்காமல், கையை உதறிக்கொண்டு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். காவலில் இருந்து தப்புவது குற்றம்தான். ஆனால் அது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஆகவே 40ஆம் பிரிவு உங்களுக்கு எந்த அதிகாரமும் தரவில்லை. யாருடைய உடலுக்கும் ஆபத்து இல்லாததால் தற்காப்புரிமையும் எழவில்லை. அந்த நிலையில் நீங்களாகப் போய் அவர் காலை இடறிவிட்டு, அவர் மண்டை உடைந்தால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அதே நொடியில் பின்னால் ஓடிவரும் காவலர் உங்களைப் பார்த்து, ‘அவனைப் பிடியுங்கள்’ என்று கத்திவிட்டால் எல்லாம் மாறிவிடுகிறது. தப்பாமல் தடுக்க உதவுவது இப்போது உங்கள் கடமை. நீங்கள் செய்யும் அதே செயலுக்கு ஒரு கூக்குரல் சட்டத்தின் நிறத்தைப் பூசிவிடுகிறது. ஏறத்தாழ ஏழரை நூற்றாண்டுக்கு முந்தைய வின்செஸ்டரின் கூக்குரல் இன்னும் ஓயவில்லை என்று எனக்குத் தோன்றுவது இந்த இடத்தில்தான்.

அழைப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நல்லெண்ணத்தோடு செயல்படும் அரசு ஊழியரின் உத்தரவுப்படி ஒருவர் உங்களைப் பிடித்தால், உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ அஞ்ச நியாயமான காரணம் இருந்தாலன்றி, அவரை எதிர்த்துத் தற்காப்புரிமை கோர முடியாது என்று நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அப்படி உத்தரவு இருப்பது பிடிபடுபவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், அல்லது பிடிப்பவர் அதைச் சொல்ல வேண்டும். எனவே காவலர் கேட்டு நீங்கள் ஒருவரைப் பிடிக்கும்போது, ‘போலீஸ் சொல்லித்தான் பிடிக்கிறேன்’ என்று உரக்கச் சொல்வது வெறும் வாய்ச்சொல் ஆகாது. பின்னாளில் அவர் உங்கள் மீது திருப்பி வீசக்கூடிய ஒரு வாதத்தை அது முன்கூட்டியே அடைத்துவிடுகிறது.

நம் செய்தித்தாள்களில் வாரம் ஒருமுறையாவது காணக்கூடிய வாக்கியம் ஒன்று உண்டு: பொதுமக்கள் தர்ம அடி கொடுத்துப் போலீசாரிடம் ஒப்படைத்தனர். அந்தச் சொல்லை முதலில் அச்சில் ஏற்றியவருக்கு நல்ல நகைச்சுவை உணர்வு இருந்திருக்க வேண்டும். ஆனால் சட்டத்தில் தர்ம அடி என்று ஒன்று கிடையாது. பிடிபட்டவர் அடங்கிய பிறகு விழும் ஒவ்வோர் அடியும் காயம் விளைவித்த குற்றமே. கைதை எதிர்க்கும் ஒருவரை அடக்கத் தேவையான எல்லா வழிகளையும் காவலர் கையாளலாம் என்று சொல்லும் சட்டமே, தப்பாமல் தடுப்பதற்குத் தேவையானதைவிட அதிகமாக அவரைக் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் சொல்கிறது. காவலருக்கே இல்லாத அதிகாரம் அவருக்கு உதவ வந்தவருக்கு எப்படி வரும்? கூட்டமாக விழுந்து பிடிப்பதில் இன்னோர் ஆபத்தும் உண்டு. குப்புறக் கிடப்பவரின் முதுகிலும் கழுத்திலும் பாரம் ஏறினால் அவரால் மூச்சுவிட முடியாது. பார்ப்பவருக்கு அவர் திமிறுவதாகத் தெரியும், அவரோ காற்றுக்குத் தவித்துக்கொண்டிருப்பார். 2020 மே மாதம் அமெரிக்காவின் மினியாபொலிசில் ஜார்ஜ் ஃப்ளாய்டு இறந்தது, காவலரின் முழங்கால் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் அவர் கழுத்தை அழுத்தியதால். அங்கே அருகில் நின்றவர்கள் இடையில் புகவில்லை. விடச் சொல்லிக் கெஞ்சினார்கள், கைப்பேசியில் பதிவு செய்தார்கள். அந்தப் பதிவு பின்னர் வழக்கின் முக்கியச் சான்றாயிற்று. கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து நிற்பவர்கள் எல்லாரையும் ஒரே தராசில் நிறுத்துவது சரியன்று என்பதற்காக இதைக் குறிப்பிடுகிறேன்.

காவல் பணிக்குப் பொதுமக்களை நிரந்தரமாகப் பழக்கும் முயற்சியும் தமிழ்நாட்டில் நடந்திருக்கிறது. 1993இல் இராமநாதபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ‘ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ்’ அமைப்பு பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 2020 சூனில் சாத்தான்குளத்தில் காவலில் வைக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அதில் இந்த அமைப்பினருக்கும் பங்குண்டு என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அடுத்த மாதமே தமிழக அரசு அமைப்பைத் தடை செய்தது. தெருவில் ஒரு நிமிடம் கை கொடுப்பதும், காவல் நிலையத்துக்குள் அதிகாரத்தில் பங்கு கொள்வதும் ஒன்றல்ல. 31ஆம் பிரிவு பேசுவது முன்னதைப் பற்றி மட்டுமே.

இனி, மக்கள் ஏன் அசைவதில்லை என்ற பழைய கேள்வி. கல்நெஞ்சம் என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. 1968இல் ஜான் டார்லி, பிப் லட்டானே என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் நடத்திய சோதனை வேறு விடை தந்தது. ஒருவருக்கு வலிப்பு வருவதுபோன்ற குரலைத் தனி அறையில் இருந்தவர்களுக்குக் கேட்கச் செய்தார்கள். அதைக் கேட்பது தான் ஒருவர்தான் என்று நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேரும் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினரே எழுந்தார்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொருவர் தலையிலும் விழும் பொறுப்பு சிறுத்துவிடுகிறது. அதனால்தான், திணறும் காவலர் பொதுவாகக் கத்துவதைவிட, ஒருவரைச் சுட்டி, ‘நீலச் சட்டை அண்ணே, இவன் கையைப் பிடிங்க, அக்கா, நீங்க 112க்கு அடிங்க’ என்று கேட்பது பலன் தரும். சட்டம் வேண்டும் தெளிவான கோரிக்கையும் உளவியல் வேண்டும் தெளிவான கோரிக்கையும் ஒன்றாக இருப்பதைக் காவலர் பயிற்சியில் சொல்லித்தர வேண்டும் என்பது என் கருத்து.

உதவப் போய் அடிபட்டால் யார் பொறுப்பு என்பதுதான் பலரையும் தடுத்து நிறுத்தும் அச்சம்; அதில் நியாயம் இருக்கிறது. நியூயார்க்கில் ஒரு டாக்சியின் படியில் தாவி ஏறிய காவலர், முன்னே போகும் காரைத் துரத்தச் சொன்னார். துரத்திய ஓட்டுநர் மோதலில் இறந்தார். அவர் காவலருக்கு உதவியதும் அவருடைய வேலையின் ஒரு பகுதியே என்று கொண்டு, அவர் குடும்பத்துக்குத் தொழிலாளர் இழப்பீடு உண்டு என 1928இல் நீதிபதி கார்டோசோ தீர்ப்பளித்தார். முதலாம் எட்வர்டு காலத்துக் கடமை இன்றும் உயிரோடு இருக்கிறது என்று அத்தீர்ப்பிலும் பேசினார். ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து அதே ஏற்பாடு வேறு முகத்தைக் காட்டியது. கலிபோர்னியாவின் டிரினிட்டி வட்டத்தில், 2011இல், உதவி கேட்டு முணுமுணுத்த குரலில் ஒரு பெண் அவசர எண்ணை அழைத்திருந்தார். வெகு தொலைவில் இருந்த காவல் அலுவலர், அந்தப் பெண்ணின் அண்டை வீட்டுத் தம்பதியைத் தொலைபேசியில் அழைத்து, ஒருவேளை புயல் காரணமாக இருக்கலாம், போய்ப் பார்க்க முடியுமா என்று கேட்டார். போனவர்கள் அங்கே கொலையாளியை எதிர்கொண்டு, கத்திக் காயத்தோடு உயிர் தப்பினார்கள். தங்களிடம் ஆபத்தை மறைத்துவிட்டார்கள் என்று அவர்கள் தொடுத்த வழக்கில், அவர்கள் அப்போது காவல் பணியில் உதவியவர்கள் ஆகையால் தொழிலாளர் இழப்பீடு மட்டுமே அவர்களுக்கு உண்டு, தனியாக நட்டஈடு கேட்டு வழக்காட முடியாது என்று 2020இல் மாநில உச்ச நீதிமன்றம் கூறியது. ஒரு குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றிய ஏற்பாடே இன்னொரு குடும்பத்துக்கு நீதிமன்றக் கதவைச் சாத்தியது. இதற்கிடையில் கலிபோர்னியா, உதவ மறுப்பவருக்கு 1,000 டாலர் வரை அபராதம் விதித்த தன் 1872ஆம் ஆண்டுச் சட்டத்தை 2019இல் நீக்கியும்விட்டது.

நம் நாட்டில் சாலை விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிச் செல்பவருக்கு, 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 134ஏ பிரிவு வெளிப்படையான பாதுகாப்புத் தருகிறது. கலகக் கூட்டத்தைக் கலைக்க அழைக்கப்பட்டு நல்லெண்ணத்தோடு உதவியவருக்கும் சுரக்ஷா சன்ஹிதா தனியே பாதுகாப்பு எழுதியிருக்கிறது. 31ஆம் பிரிவில் அப்படிப்பட்ட வரி இல்லை. அதன்படி உதவியவர், சட்டத்தால் கட்டுண்டு செய்த செயல் குற்றமாகாது என்னும் பொது விலக்கைத்தான் நம்ப வேண்டும். அவருக்குக் காயம்பட்டால் மருத்துவச் செலவை யார் ஏற்பது என்றும் அந்தப் பிரிவு சொல்லவில்லை. கடமையை எழுதி, மறுத்தால் சிறை என்றும் எழுதிய கை, அடிபட்டால் என்ன என்பதையும் எழுதியிருக்கலாம்.

ஆகவே நடைமுறையில் என்ன செய்வது? கேட்பவர் உண்மையில் காவலர்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். கைது செய்யும் அலுவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தை அணிந்திருக்க வேண்டும் என்பது சட்டம். சாதாரண உடையில் இருக்கும் இருவர் ஒருவரை வண்டியில் திணிக்கும்போது, ‘போலீஸ்’ என்று அவர்கள் சொல்வது மட்டும் போதாது. அடுத்து, ஆயுதம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கத்தி இருக்கும் இடத்தில் பயிற்சி இல்லாத வெறுங்கை பெரும்பாலும் இரண்டாவது காயத்தைத்தான் சேர்க்கும். எட்டி நின்று குரல் எழுப்பிக் கூட்டம் சேர்ப்பதும், 112ஐ அழைத்து இடத்தைச் சரியாகச் சொல்வதும், போக்குவரத்தை நிறுத்துவதும் அங்கே மேலான உதவி. பெண்ணைக் கைது செய்கையில், சூழ்நிலை கட்டாயப்படுத்தினாலன்றி, ஆண் காவலரே அவரைத் தொடக் கூடாது என்றிருப்பதால், அருகில் நிற்கும் ஆண்கள் கை நீட்டாமல் ஒதுங்கி நிற்பதே முறை. பிடிக்க அழைத்தால், ஒரு கையையோ காலையோ மட்டும் பிடித்து, முதுகில் ஏறாமல், விலங்கு பூட்டியதும் விட்டு விலக வேண்டும்.

எல்லாம் அடங்கிய பிறகு அநேகமாக ஒரு காகிதம் வரும். கைது செய்யும்போது கைதுக் குறிப்பு ஒன்றைத் தயாரித்து, குடும்பத்தினர் ஒருவரிடமோ அந்தப் பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரிடமோ சான்றொப்பம் பெற வேண்டும்; டி.கே. பாசு வழக்கில் 1996 திசம்பரில் உச்ச நீதிமன்றம் வகுத்த இந்த விதி இப்போது சுரக்ஷா சன்ஹிதாவின் 36ஆம் பிரிவில் இருக்கிறது. குடும்பத்தினர் யாரும் அங்கே இல்லாதபோது, பக்கத்தில் நின்று கை கொடுத்தவரிடமே அந்தக் காகிதம் நீட்டப்படலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அதில் கைதான தேதியும் நேரமும் எழுதப்பட்டிருக்கின்றனவா, அவை நீங்கள் கண்டதோடு ஒத்துப்போகின்றனவா என்று படித்துப் பாருங்கள். அந்த இடம் வெற்றாக இருந்தால், நிரப்பித் தரும்படி கேளுங்கள்.